மாப்பிள்ளை மறைத்து வைத்த வைஃபை

மார்ச் 3

எங்கள் ரத்தப் பரிசோதனை லேபுக்கு இன்று பாதுகாப்பு வந்துவிட்டது. முதலாளியின் மாப்பிள்ளை உபயம். வெள்ளையடித்த சாக்கில் என் கம்ப்யூட்டருக்கு வந்த கேபிளைப் பிடுங்கிப் போட்டார். பதிலுக்கு நகம் அளவில் ஒரு வயர்லெஸ் அடாப்டரைச் செருகினார். வைஃபை பெயரையும் யாருக்கும் தெரியாமல் மறைத்துவிட்டார்.

"இனிமே திருடன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது மேடம்."

என்னாலும்தான் முடியவில்லை. பக்கத்துத் தையல் கடை வைஃபை தெரிகிறது, மாடி டியூஷன் வைஃபை தெரிகிறது. எங்களுடையது 'மறைந்த நெட்வொர்க்' என்று மட்டும் நிற்கிறது. தொட்டால் பெயரைக் கேட்கிறது.

"வாசல் போர்டுல இருக்கிற இங்கிலீஷ் பேர்தான். எல்லாம் சின்ன எழுத்து, இடம் விடாதீங்க."

அடித்தேன். 'இணைக்க முடியவில்லை.'

மார்ச் 4

இணைக்க முடியவில்லை.

மார்ச் 6

அணைத்துப் போட்டாயிற்று. அடாப்டரைப் பின்னாலிருந்து முன்னால் மாற்றியாயிற்று. அதன் மென்பொருளை நீக்கி மறுபடி ஏற்றியாயிற்று. 'பெயரை வெளியிடாவிட்டாலும் இணை' என்ற கட்டத்தில் டிக் போட்டாயிற்று. இனி தேங்காய் உடைப்பதுதான் பாக்கி.

மாப்பிள்ளையின் நிபுணர் ஆலோசனை: "கொஞ்சம் மெதுவா டைப் பண்ணிப் பாருங்க."

அவர் போனில் வருகிறது, அவர் மனைவி போனில் வருகிறது. ஆகவே கோளாறு என்னிடம். "வயசானவங்களுக்குக் கஷ்டம்தான்" என்றார். எனக்கு நாற்பத்தாறு!

கம்ப்யூட்டரில் போகவேண்டிய ரிப்போர்ட்டுகள், இரண்டு தெரு தள்ளியிருக்கும் டாக்டரின் கிளினிக்குக்குக் காகிதத்தில் போகின்றன. மதியம் போகவேண்டியது சாயங்காலம் போய்ச் சேர்கிறது. ஆனால் திருடன் ஒருத்தனும் வரவில்லை. அதைச் சொல்லவேண்டும்.

மார்ச் 10



பள்ளி வேன் ஓட்டுகிறவர் ஒருவர் காலையில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார். பொட்டாசியம் 6.9. மெஷின் உளறுகிறதோ என்று மறுபடி போட்டேன் — அதேதான். இந்த அளவில் இதயம் எந்த நிமிஷமும் நிற்கலாம். அனுப்ப வழியில்லை. உள்ளறையில் என் போனுக்கு சிக்னல் கிடையாது. வாசலுக்கு வந்து கூப்பிட்டால் கிளினிக் போன் பிஸி, பிஸி, பிஸி. வெள்ளைக் கோட்டோடு இரண்டு தெரு ஓடினேன். செருப்பு அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் பார்த்ததும் எழுந்தேவிட்டார். வேன்காரரைப் போனில் பிடித்து நிறுத்தியபோது மதிய டிரிப்புக்கு வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தாராம். பதினான்கு பிள்ளைகள்.

எழுத முடியல. போதும்.

மார்ச் 11

முதலாளி கூப்பிட்டார். பாராட்டத்தான் என்று நினைத்துப் போனேன், மடச்சி. ரிப்போர்ட் ஏன் நேரத்துக்குப் போகவில்லை என்று டாக்டர் சத்தம் போட்டிருக்கிறார்.

"அவங்களுக்கு கம்ப்யூட்டர் வராது மாமா. வேற ஆள் பார்த்துடலாம்" என்றார் மாப்பிள்ளை, என் எதிரிலேயே.

மாசக் கடைசி வரை பார்க்கலாம் என்றார் முதலாளி. பத்தொன்பது வருஷம் இங்கே ஊசி குத்தியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கென்று நான் யாரையும் குத்தியதில்லை.

மார்ச் 12

சொந்தச் செலவில் கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். தன் போனிலிருந்து ஒரு வைஃபை போட்டார். கண்ணிமைப்பதற்குள் அடாப்டர் பிடித்தது. அதன் பெயரையும் மறைத்துப் பார்த்தார். அதையும் பிடித்தது.

"அடாப்டர் தங்கம்க்கா. தெரியிற வைஃபைன்னா அது தன் பேரைச் சொல்லும். மறைச்சு வச்சா நாமதான் சொல்லணும். ஒரு எழுத்து மாறினாலும் திரும்பிப் பார்க்காது. உங்களுக்குப் பேரு தப்பாச் சொல்லியிருக்காங்க."

போர்டில் தப்பா? ராத்திரி பகலாகப் பார்க்கிற போர்டு!

மார்ச் 13

போர்டு சரி. மாப்பிள்ளைதான் தப்பு.

வரவேற்பில் உட்காரும் முதலாளி மகளிடம் — மாப்பிள்ளையின் மனைவிதான் — உன் போனில் அந்தப் பெயரைக் காட்டும்மா என்றேன். காட்டினாள். 'லேபரட்டரி'க்கு ஆங்கிலத்தில் நடுவில் வரவேண்டிய 'ஓ'வைக் காணோம். மனுஷன் எழுத்துப் பிழையோடு பெயர் வைத்து, அதை யாருக்கும் தெரியாமல் மறைத்தும் வைத்திருக்கிறார். உலகத்திலேயே மிகப் பாதுகாப்பான பிழை.

அந்த 'ஓ' இல்லாமல் அடித்தேன். இணைந்தது.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இதுக்காகவா அக்கா அவ்வளவு தூரம் ஓடினீங்க?" என்றாள். நேரே அப்பா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

மார்ச் 14

ரவுட்டர் பொறுப்பு இனி என்னுடையதாம். முதலாளி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, "டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். அவர் அகராதியில் அதுதான் மன்னிப்பு.

காணாமல் போன 'ஓ'வைச் சேர்த்து, எல்லார் போனையும் நானே மறுபடி இணைத்துக் கொடுத்தேன். மறைப்பை எடுக்கவில்லை. மாப்பிள்ளையின் பாதுகாப்பை நான் ஏன் கெடுக்கவேண்டும்?

மார்ச் 19

வேன்காரருக்கு மறுபரிசோதனை. பொட்டாசியம் 4.4, சரியான அளவு. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ரிசல்ட் எப்பம்மா போகும்?" என்றார். போய்விட்டது என்றேன்.

ஏப்ரல் 2

மாப்பிள்ளை புதுப் போன் வாங்கியிருக்கிறார். என் அறை வாசலுக்கு வந்தார்.

"வைஃபை கிடைக்கல... பேர் எப்படி எழுதணும்?"

கேலி பண்ண ஏழெட்டு வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. வெளியே ஆறு பேர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு துண்டுச் சீட்டில் பெரிய பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டேன்.