ஜவ்பர் காக்காட துவக்கும் என்ட காதும்

பெப்ரவரி 3, செவ்வாய்

விடியத் தூறல். ஏழு மணிக்கு வெயில். வாவி கரை முட்ட நிறைஞ்சு கிடக்கு, காத்தில்ல.

ஏறாவூர் ஜவ்பர் காக்கா வந்தார். துணிக்கடைக்காரர், வழக்கமாத் தையல் மெசின்தான் கொண்டாறவர். இந்த முறை சாக்கில சுத்தின நீட்டுச் சாமான். அவிட்டா எயார் ரைபிள், காத்துத் துவக்கு. வாப்பா வாங்கி வைச்சதாம். பேமிட் கடதாசி தனியா ஒரு பையில, கல்யாணக் காட் மாதிரிப் பத்திரமா.

சாமான் லேசு. குழலை மடிச்சா உள்ளுக்க ஸ்பிரிங் இறுகும். விசையைத் தட்டினா ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காத்தைத் தள்ளும், காத்து சன்னத்தைத் தள்ளும். அவ்வளவுதான் விஞ்ஞானம்.

காக்காவுக்கு இரண்டு குறை. ஒண்டு, சன்னம் தேங்காய்ச் சிரட்டையில பட்டு அப்படியே கீழ விழுதாம். மற்றது, அடிச்ச பிறகு ஸ்பிரிங் 'ங்ங்ங்' எண்டு பாடுதாம், காதுக்க நுளம்பு பூந்தமாதிரி. கடை பூட்டினாப் பிறகு எலுமிச்சை மரத்தில சிரட்டை கட்டித் தொங்கவிட்டு அடிக்கிறது அவர்ட ஒரே பொழுதுபோக்கு. உசிர் உள்ள ஒண்டுக்கும் அடிக்கமாட்டார்.

மேசையில பூட்டின வைஸ் இடுக்கியில கட்டி, விசையில நூல் போட்டு இழுத்துப் பாத்தன். எனக்கு அந்தப் பாட்டு அவ்வளவாக் கேக்கல்ல. காக்கா கொஞ்சம் கூட்டித்தான் சொல்றார். எண்டாலும் "ஓம் ஓம், பாடுது" எண்டன். சத்தம் எண்டா என்னட்ட விடுங்க எண்டும் சொன்னன். போட் மெசினையும் தையல் மெசினையும் முப்பது வருசமாக் கேட்டே பிழை சொல்றவன் நான். ஊரில எனக்குப் பேரே காது பாஸ்.

பெப்ரவரி 5, வியாழன்

நல்ல வெயில். மாமரத்துக்குக் கீழ வேலை.

தச்சு ஆக்களிட கிளாம்ப் போட்டு இறுக்கி, மெல்ல மெல்லத் தளத்தி ஸ்பிரிங்கை எடுத்தன். அவசரப்பட்டா மூஞ்சிக்கு வரும். உள்ளுக்க கிடந்தது:
– கறள், சிவந்த துரு
– ஆரோ எந்தக் காலத்திலயோ விட்ட தேங்காயெண்ணெய், இப்ப பிசின்
– ஒரு செத்த எறும்பு
– தோல் வாசர், காஞ்சு பப்படம்

ஸ்பிரிங் கொஞ்சம் வளைஞ்சு கிடக்கு. ஒரு பக்க முனை கூர். அதுதான் உரசிப் பாடுது போல. எமரித் தாள் போட்டுத் தேய்ச்சன். மத்தியானம் வரைக்கும் தேய்ச்சன். வெயில் இலைக்கால வந்து இரும்பில விழுது, தேய்க்கத் தேய்க்க இரும்பு தண்ணி மாதிரி வருது. எங்க இருக்கிறன் எண்டே மறந்துபோச்சு. மனிசி ரீத்தா வந்து தோளில தட்டினாப் பிறகுதான் நினைவு. மூண்டு தரம் கூப்பிட்டவவாம்.

சைக்கிள் பம்ப் தோல் வாசர் அச்சொட்டா வரும். எண்ணெயில ஊறப் போட்டிருக்கு.

பின்னேரம் தேத்தண்ணியோட முறுக்கு. கடிச்சா மண்டைக்க அரிசி மில் ஓடுது. பல்லை டொக்டரிட்டக் காட்ட வேணும்.

நான் இப்ப ரகசியம் பேசுறமாதிரிப் பேசுறனாம். மனிசி சொல்றா. எனக்கு எண்டா நான் கத்துறமாதிரித்தான் கிடக்கு.

பெப்ரவரி 7, சனி

வானம் மப்பு. மழை இல்ல.

எல்லாம் பூட்டினன். புது வாசர். பிஸ்டனுக்க சோடாப் போத்தல் பிளாஸ்டிக்கை வெட்டி உறை, ஸ்பிரிங் ஆடாம இருக்க. தடிச்ச கிறீஸ். எண்ணெய் கொஞ்சம் கூடிப்போச்சு, என்ட கை அப்படி. முதல் அடி படார்! குழலால புகை. உள்ளுக்க எண்ணெய் பத்தியிருக்கு. அடுத்த வீட்டுக் கிழவன் வேலிக்கு மேலால எட்டிப் பாத்தான். குசினி வாசலில ரீத்தா சிலுவை போட்டபடி. இந்த ஊரில அந்தச் சத்தத்துக்கு ஆக்கள் இன்னும் அப்படித்தான். வெக்கமாப் போச்சு.

துடைச்சுத் திரும்பப் பூட்டினன். நூலை இழுத்தன். டக். வேற ஒண்டும் இல்ல. பத்துத் தரம் இழுத்தன், பத்துத் தரமும் டக். பாட்டு செத்துப்போச்சு. காக்கா அசந்துபோவார்.

பெப்ரவரி 8, ஞாயிறு

பூசை. அது முடிஞ்சு மறுகா தோணியை எடுத்துக்கொண்டு வாவியில சும்மா.

தண்ணி கண்ணாடி. கண்டல் பத்தைப் பக்கம் கொக்கு ஒண்டு எழும்பிச்சு, செட்டை அடிக்கிற சத்தம்கூட இல்ல. வாவி இவ்வளவு அமைதியாக் கிடந்த காலம் எனக்கு நினைவில்ல. துடுப்பு தண்ணியில விழுறதும் கனவில விழுறமாதிரி. இப்படியே மிதந்துகொண்டு கிடந்தாக் காணும், வேற ஒண்டும் வேணாம் எண்டு ஒரு எண்ணம். நித்திரையும் இல்ல, முழிப்பும் இல்ல.

அந்த ஸ்பிரிங்கை நினைச்சன். சுருட்டி அடைச்சு, எத்தின வருசம் இருட்டுக்க. ஆராவது விசையைத் தட்டினா ஒருக்கா நிமிரும். திரும்ப இருட்டு. பாடாம என்ன செய்யும்?

ரீத்தா இந்த வருசம் வீட்டில பாடுறதில்ல. கோயில் பாட்டுக் கூட்டத்தில நிக்கிறா, வாய் அசையுது. குசினியில மட்டும் இல்ல. காலமை தேங்காய் துருவேக்க ஒரு மாதா பாட்டு முணுமுணுப்பா, முப்பத்தொரு வருசமா. இரண்டாவது வரியில ராகம் எப்பவும் பிழைக்கும். என்னில ஏதும் கோவமோ தெரியல்ல. கேக்கவும் பயம்.

பெப்ரவரி 10, செவ்வாய்

வெயில். இண்டைக்கு எழுத மனமில்ல. எழுதுறன்.

காக்கா வந்தார். வேலியில சிரட்டை வைச்சு, தோளில வைச்சு அடிச்சார். சிரட்டை இரண்டாப் பிளந்துது. சந்தோசப்படுவார் எண்டு பாத்தா, துவக்கைத் திருப்பித் திருப்பிப் பாக்கிறார்.

"பாஸ், குறை நினைக்காதங்க. இன்னும் பாடுதே."

இல்ல எண்டன். திரும்ப அடிச்சார். "இந்தா, கேக்கல்லயா?" குசினிக்கு எட்டிக் கூப்பிட்டன்: ரீத்தா, உனக்கு ஏதும் கேட்டதா? ஓம், ஏதோ கம்பி அதிருறமாதிரி எண்டா. நல்லாக் கேக்குதாம்.

அங்கயிருந்து. சுவருக்கு அங்கால இருந்து.

காக்கா என்ட முகத்தைப் பாத்தார். துவக்கை மேசையில வைச்சிட்டு, அவசரமில்ல பாஸ் எண்டு போயிட்டார்.

பெப்ரவரி 11, புதன்

வானம் என்ன மாதிரி எண்டு பாக்கல்ல.

கைக்கடிகாரத்தை வலக்காதில வைச்சன். இல்ல. இடக்காதில இருக்கோ இல்லையோ எண்டு இருக்கு. ரீத்தாவிட்ட, இப்ப அணில் கத்துதா எண்டு கேட்டன். ஓமாம், விடியத் தொடக்கமாம். மரத்தில வாலை ஆட்டிக்கொண்டு நிக்குது, நான் ஊமைப் படம் பாக்கிறன்.

போன மாசம் அந்தோனி, நான் திருத்திக் குடுத்த போட் மெசினைத் திருப்பிக் கொண்டு வந்து, பெயறிங் கீச்சிடுது அண்ணே எண்டான். உனக்கு மெசின் ஓட்டத் தெரியாது எண்டு திட்டி அனுப்பினன். என்ட பிழை. போய்ச் சொல்ல வேணும். எப்படிச் சொல்லுறது? காது போனா எனக்கு என்ன தொழில்? கையில ஸ்பானரும் சுத்தியலும் ஆருட்டயும் இருக்கு.

மறுகா மனசைக் கல்லாக்கிக்கொண்டு ரீத்தாவிட்டக் கேட்டன், ஏன் இப்ப பாடுறதில்ல எண்டு. தேங்காயைக் கீழ வைச்சா.

"நான் எப்ப நிப்பாட்டினன்? இப்பவும் பாடிக்கொண்டுதானே துருவினன்."

பயமாக் கிடக்கு. வேற சொல்லு இல்ல.

பெப்ரவரி 12, வியாழன்

காலமை மேசையில நாடியை, தாடை முனையை, ஊண்டிக்கொண்டு சும்மா இருந்தன். ரீத்தா அதே மேசையில தையல் மெசினை மிதிச்சா. மண்டைக்க கடகடகட! ஒவ்வொரு தையலும். தலையைத் தூக்கினா இல்ல. வைச்சா இருக்கு. தூக்கி வைச்சு, தூக்கி வைச்சுப் பாத்தன், விசரன் மாதிரி. வாவியில துடுப்பைத் தண்ணிக்க விட்டு, மற்ற முனையைக் காதோட ஒட்டி மீன் பாடுறதைக் கேக்கிறமே, அதுதான்.

அப்ப துவக்கிலயும் கேக்கும். கன்னத்தைத் துவக்கிட மரக் கட்டையில வைக்க வேணும்.

நான் எந்தத் துவக்கையும் தோளில வைக்கிறதில்ல. அதுக்குத்தான் வைஸும் நூலும். என்ட பதினாறு வயசில அம்மா மாதா முன்னுக்குச் சத்தியம் வாங்கினவ. ஊர் முழுக்கத் துவக்குத் திரிஞ்ச காலம். என்னோட படிச்சதில பாதிப் பேர் தோளில வைச்சவனுகள், திரும்பி வரல்ல. என்ட தோள் தப்பிச்சு. அந்தச் சத்தியம் காத்துத் துவக்குக்கும் சேத்தியோ எண்டு அம்மாவிட்ட நான் கேக்கவே இல்ல.

பத்து மணி வரைக்கும் யோசிச்சன். வைஸில கட்டினபடியே விட்டன். குனிஞ்சு, கன்னத்தை மட்டும் கட்டையில வைச்சன். தோள் படல்ல. அம்மா, கோவிக்காதங்க. நூலை இழுத்தன்.

ங்ங்ங்ங்.

பல்லுக்கால, கண்ணுக்குப் பின்னால, முழுத் தலைக்கயும். காக்கா சொன்னது முழுக்க உண்மை. அழுதிட்டன்.

மறுகா வேலை. அடிச்சு, கேட்டு, கழட்டி, திரும்பப் பூட்டி. போத்தல் உறை நீளம் அரை விரல் குறைவு. புதுசு வெட்டினன். ஸ்பிரிங்கிட மற்ற முனையும் கூர், அதைக் கவனிக்கவே இல்ல. தேய்ச்சு மட்டமாக்கினன். ஆறாவது தரம் கன்னத்தில ஒரு தட்டு, பிறகு ஒண்டும் இல்ல. ரீத்தாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில நிப்பாட்டி அடிச்சன். தலையை ஆட்டினா. இல்லையாம். இரண்டு சாட்சி.

பெப்ரவரி 13, வெள்ளி

தூறல், வெயில், திரும்பத் தூறல்.

காக்கா ஜும்மா முடிஞ்சு வந்தார். ஐஞ்சு சிரட்டை, ஐஞ்சும் போச்சு. துவக்கைத் தடவிக்கொண்டு நிண்டார். வாப்பா இருந்தா இது என்ட துவக்கு இல்ல எண்டிருப்பார் எண்டு சிரிச்சார்.

காது விசயத்தைச் சொன்னன். வீட்டுக்கு வெளியில முதல் ஆள் அவர்தான்.

"கேக்காமலா இதைச் செய்தீங்க பாஸ்?"

கேட்டுத்தான் செய்தன், கன்னத்தால எண்டன். அவர் சிரிக்கல்ல. செவ்வாய் காலமை வாறன், ஆசுபத்திரிக்குப் போவம், பைக்கில ஏறுங்க எண்டார். கேள்வி இல்ல, கட்டளை.

பெப்ரவரி 17, செவ்வாய்

நல்ல வெயில். கிளினிக்கில சனம். காக்கா பக்கத்தில தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு.

டொக்டர் சின்னப் பொம்பிளப் பிள்ளை. கையில கவட்டை மாதிரி இரண்டாப் பிரிஞ்ச ஒரு இரும்பு. தட்டிக் காதுக்கு முன்னுக்குப் பிடிச்சா, இல்ல. காதுக்குப் பின்னால எலும்பில வைச்சா, பாடுது! அது எனக்குத் தெரியும் எண்டன். எப்படி எண்டு கேட்டா. துவக்குக் கதை முழுக்கச் சொன்னன், பின்னால சனம் நிக்க நிக்க. ரசிச்சுக் கேட்டா. உள் நரம்பு நல்லா இருக்காம். நடுவில ஒரு குட்டி எலும்பு இறுகிக் கிடக்கும் எண்டு நினைக்கிறாவாம். இன்னும் படம் எடுக்க வேணும். கொழும்பில வெட்டித் திருத்தலாம், இல்லாட்டிக் காதில மெசின் வைக்கலாம். சரிவராமலும் போகலாம் எண்டும் சொன்னா. மறைக்கல்ல, நல்ல பிள்ளை.

இறுகிக் கிடக்கிற சாமான். சரி. அது எனக்குத் தெரிஞ்ச நோய்.

வரேக்க அந்தோனி வீட்டில இறங்கிப் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்டன். மெசினை நாளைக்குக் கொண்டாறானாம்.

வீட்டில ரீத்தாவிட்ட எல்லாம் சொன்னன். முற்றத்துக் கதிரையில இருந்தன், வாவி மினுங்கிக்கொண்டு கிடந்துது. பின்னால வந்து நிண்டா. தன்ட நாடியை என்ட உச்சந்தலையில வைச்சா.

மாதா பாட்டு. மண்டைக்க முழுசா, ஒரு சொல்லு தப்பாம. முதல் வரி. இரண்டாவது வரியில ராகம் பிழைச்சிது.