சட்டைப் பையில் இருந்த பல்செட்

எத்தனை திட்டினாலும் பதில் பேசாத என் அருமை மச்சான் சாமுவேலுக்கு,

நீ போய் மூன்று வருடம். அங்கே நிம்மதியாக இருப்பாய். இங்கே உன் மகள் பியூலா என் உயிரை வாங்குகிறாள்.

பல் டாக்டருக்குப் படித்து முடித்து, நெமிலிச்சேரியில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். போன வருடம் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு மனுப் போட்டாள், கிடைக்கவில்லை. இந்த முறையும் இல்லையென்றால் இனிமேல் போடவே மாட்டாளாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

மார்க் மட்டும் போதாதாம். ஏன் இந்தப் படிப்பு என்று தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். ஒரே பக்கம், மச்சான். எனக்குத் தொண்டையைச் செருமவே ஒன்றரைப் பக்கம் வேண்டும்.

அம்பத்தூரிலிருந்து வேப்பம்பட்டு வரை எந்தக் கல்யாண மேடையில் வாழ்த்து மடல் வாசித்தாலும் அது என் கைவண்ணம்தானே? அதனால் நானே தமிழில் எழுதிக் கொடுத்தேன், அவள் இங்கிலீஷில் மாற்றிக்கொள்ளட்டும் என்று. "மனித குலம் பல்லால் மெல்லத் தொடங்கிய நாள் முதலாய்" என்று ஆரம்பித்தேன். ஆவடி ராணுவ டாங்கிகளே மிதந்த அடைமழையில் அவளைப் பிறக்க வைத்தேன். கடைசியில், சாகும் தறுவாயில் நீ அவள் கையைப் பிடித்து, "மகளே, உலகத்தின் பல்வலியைப் போக்கு" என்று சொன்னதாக முடித்தேன். எழுதும்போது நானே அழுதுவிட்டேன்.

படித்துவிட்டு நிமிர்ந்தாள். "மாமா, அப்பா கடைசியா இன்னா சொன்னாரு? நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க?"

"இன்னா சொன்னாரு?"

"ஃபேனைக் கொறைக்கச் சொன்னாரு."

மூன்று பக்கத்தையும் அடித்துவிட்டாள். அதுகூடப் பரவாயில்லை. அவள் எழுதி வைத்திருந்த பக்கத்தில் உன் பேரே இல்லை. எனக்கு எப்படி இருக்கும்?

"பெத்த அப்பனைத் தூக்கிட்டு இன்னாத்த எழுதிக் கிழிக்கப் போற?" என்று கத்தினேன்.

"போன வருசம் பக்கம் பூரா அப்பாவைப் பத்தித்தான் எழுதுனேன், மாமா. அவர் செத்தது, அம்மா பட்ட கஷ்டம், எல்லாம். அவங்க கேட்டது என்னைப் பத்தி. நான் இன்னா பண்ணுவேன்னு அதுல ஒரு வரி இல்ல."

இரண்டு நாள் உன் வீட்டில் காபிகூடக் குடிக்கவில்லை. நேற்று அந்தத் தாளை வாட்சப்பில் அனுப்பியிருந்தாள். "எழுத்துப்பிழை மட்டும் பாருங்க" என்று உத்தரவு. எனக்கு இங்கிலீஷில் எழுதத்தான் வராது, பிழை பிடிக்க வரும். ரயிலில் கோபத்தோடுதான் திறந்தேன்.

அவள் கிளினிக்கில் நடந்ததை எழுதியிருந்தாள். ஒரு பெரியவர். பல்செட் கட்டிக்கொண்டு போன பிறகும் போடுவதே இல்லை என்று வீட்டார் மூன்றாம் தடவை கூட்டிவருகிறார்கள். எல்லோரும் அவரைத் திட்டுகிறார்கள். பியூலா அவரை வாயைத் திறக்கச் சொல்லவில்லை. சட்டைப் பையில் இருப்பதைக் கொடுங்கள் என்கிறாள். கைக்குட்டையில் சுற்றிய பல்செட் வருகிறது. எங்கே வலிக்கிறது என்று கேட்கிறாள். ஓர் ஓரம் ஈறை அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதைத் தேய்த்துக் கொடுக்கிறாள். மறுவாரம் அவர் அதைப் போட்டுக்கொண்டு வந்தாராம். வாயில் தங்குகிற பல்செட் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான் வருகிறேன் என்று முடித்திருக்கிறாள். அவ்வளவுதான் பக்கம்.

பையில் இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும், மச்சான்?

சர்ச்சில் போட்டோ எடுக்கும்போது மட்டும் திரும்பி நின்று உன் பல்செட்டை மாட்டுவாய். முடிந்ததும் மறுபடி பேனாவுக்குப் பக்கத்தில் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வாய். "பல்லைப் பாக்கெட்டில் வைத்த பாரி வள்ளல்" என்று உன் வெள்ளி விழா மடலிலேயே எழுதி மண்டபத்தையே சிரிக்க வைத்தவன் நான். நீயும் சிரித்தாய், கையால் வாயை மூடிக்கொண்டு.

வலித்ததா, மச்சான்? இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே.

ஒரே ஒரு பிழை இருந்தது, திருத்தி அனுப்பிவிட்டேன். ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. கை அரித்தது, அடக்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அவள் மனுவை அனுப்பும்போது பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கல்லறைக்கு வந்து உன்னிடம் ஒரே வரியில் சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டியின் அண்ணன், உன் மகளிடம் மூன்று பக்கம் தோற்ற தாய்மாமன்