பங்கருக்குள் பியர்

முரசுமோட்டை பஸ்ஸுக்குப் புறப்படுமுன், கமலரூபி கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணவன் வாகீசனுக்கு எழுதினாள்.

"இஞ்சாருங்கோ, சோறும் மீன்குழம்பும் குசினியில மூடிக்கிடக்கு. திறப்பு வழக்கமான இடத்தில.

கடையில பியர் விலை கட்டாது எண்டு நீங்கள் வீட்டில லாகர் காய்ச்சினதுக்கு நான் வாய் திறக்கேல்லை. ஆனா அது புளிக்கக் குளிர் வேணும் எண்டு பிளாஸ்டிக் கானைப் பின்வளவில கிடக்கிற சண்டைக்காலப் பங்கர்க் குழிக்குள்ள வைச்சிட்டியள். காத்துப் போகக் கானில பூட்டின குழாயால குமிழ் வாற சத்தம் விட்டு விட்டுக் கேக்குது. ஷெல் விழுந்த அண்டு, அந்தப் பங்கருக்குள்ளதான் என்ர தம்பி என்ர மடியில அப்பிடி விட்டு விட்டுக் கடைசி மூச்செடுத்தவன். கானை வெளியில எடுங்கோ. எடுத்தால்தான் நான் அக்கா வீட்டால வருவன்."

மடித்த தாளை மறுபடி விரித்து, அடியில் நெருக்கி எழுதினாள்.

"காலமை நானே குழாயைக் கழட்டப் போனனான். அவன்ர மூச்சை நிப்பாட்டுறமாதிரிக் கிடந்தது. விட்டிட்டு வந்திட்டன். நீங்களே செய்யுங்கோ."