அரவை உருளையில் விழுந்த வெடிப்பு

திங்கள், மே 4

காலையிலேயே வெக்கை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே. ராஜபாளையத்தில் இறங்குவதற்குள் கால் மரத்துவிட்டது.

பட்டறை வாசலில் ஆலங்குளம் பக்கத்துக் கல் குவாரி வேன். லேசரில் உலோகப் பொடியை உருக்கி நாங்கள் பூச்சு ஏற்றிக் கொடுத்த அரவை உருளை திரும்பி வந்திருக்கிறது. மூன்றே நாள் ஓடியதாம். பூச்சு அப்பளமாகப் பெயர்ந்து கிடக்கிறது.

முதலாளி நேராக மெஷின் ஓட்டும் பால்ராஜ் அண்ணனிடம் போனார். "உருளைய ஒழுங்கா சூடு பண்ணாம ஏத்திருக்க. நாளையிலருந்து வராத."

"சூடு பண்ணித்தான் மொதலாளி ஏத்துனேன். மேடத்துட்ட கேளுங்க."

மேடம் நான்தான், பட்டறையின் இன்ஜினியர். அவர் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

செவ்வாய், மே 5

வாங்க: உப்புத்தாள், சிவப்புச் சாயம், அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம்.

பெயர்ந்த துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். பூச்சைக் கெட்டியாக்கும் டங்ஸ்டன் கார்பைடு மணிகள் நெருக்கியடித்து. ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்கு வெடிப்பு ஓடியிருக்கிறது. மெஷினில் பதிவான சூடு சரியாகத்தான் இருக்கிறது. தப்பு கலவையில்.

குவாரிக்காரர்கள் "இன்னும் கெட்டியா வேணும்" என்றார்கள். கார்பைடைக் கூட்டச் சொன்னது நான். வாய்வார்த்தையாக. கெட்டியானால் தேயாது, சரி. கல் விழுந்து அடித்தால் கண்ணாடி மாதிரி உடையும் என்பது படித்தவளுக்குத் தெரியாதா?

இன்றும் சொல்லவில்லை. தலைவலி என்று நாலு மணிக்கே கிளம்பிவிட்டேன். தைலம் மறந்துபோனது.

புதன், மே 6

மதியம் பால்ராஜ் அண்ணன் மனைவி வந்தார், அண்ணனுடைய சாமான்களை எடுத்துப்போக. பேண்டேஜ் கம்பெனியில் வேலை, சேலையெல்லாம் பஞ்சு.

"அவிய ரெண்டு நாளா சரியா சாப்பிடல மேடம். எங்க தப்பு பண்ணேன், எங்க தப்பு பண்ணேன்னு அதையே பொலம்பிக்கிட்டு இருக்காவ."

அவரை உட்காரச் சொல்லிவிட்டு முதலாளி அறைக்குப் போனேன். கலவை நான் சொன்னது, அண்ணன் மேல் தப்பில்லை என்றேன்.

"அத திங்கக்கெழமையே சொல்றதுக்கு என்ன?"

அவரே அண்ணனுக்குப் போன் போட்டார்.

வியாழன், மே 7

கரண்ட் இரண்டு தடவை போனது. அண்ணன் வந்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலைப் பேச்சு மட்டும்.

சோதனைத் துண்டு ஒன்றில் புது முறை:
– அடியில் நிக்கல் கலவை மட்டும் ஒரு படலம், அதிர்ச்சி தாங்க
– மேலே கார்பைடு பாதியாகக் குறைத்து
– ஏற்றியதும் சூட்டோடு சாம்பலில் புதைத்து, மெதுவாக ஆற

கடைசியது அண்ணன் யோசனை. "வெளியில வச்சா காத்துப்பட்டு வெடிக்கும்."

சனி, மே 9

வெடிப்பில் இறங்கி நின்று அதைக் காட்டிக்கொடுக்கும் சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்தோம். பழைய துண்டில் வலைவலையாகச் சிவப்பு நின்றது. புதியதில் ஒரு கோடுகூட இல்லை. மணலில் தேய்த்து எடை போட்டதில் தேய்மானம் கொஞ்சம்தான். அண்ணன் சம்மட்டியால் ஓங்கி நாலு அடி. பெயரவில்லை. திங்கள் உருளைக்கு ஏற்றலாம்.

சந்தோஷப்படத் தெம்பில்லை. "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன்.

அவர் கையைத் துடைத்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

"கலவைய எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க மேடம். அதுக்குப் பொறவுதான் பவுடர் கொட்டுவேன்."

எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். தேதியும் போடச் சொன்னார்.