கத்தரிக்கோல் மேல் பழி

அன்புள்ள அப்பா,

நலம். நீங்களும் அம்மாவும் நலமா?

மணிக்கட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நேற்று தையல் பிரித்த டாக்டர், "வீட்ல வேற யாருக்காவது கை மரத்துப்போகுமா?" என்றார். "அப்பாவுக்கு ரெண்டு கையும். ஆனா அவர் டெய்லர், கத்தரிக்கோல் பிடிச்ச கை" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆபரேஷனில் எடுத்த சதையைச் சோதித்ததில், ஏதோ புரதம் படிந்து நரம்பை நெருக்கியிருக்கிறதாம். பரம்பரையாகவும் வரலாம், இதயத்திலும் படியலாமாம்.

மாடி ஏறினால் உங்களுக்கு மூச்சு வாங்குகிறது என்றாள் அம்மா. வயசு என்று மழுப்பாமல் இந்த வாரமே இதய டாக்டரைப் பாருங்கள். கை மரத்துப்போவதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

பிறகு, பட்டன் இல்லாத சட்டை ஒன்று தைத்து அனுப்புங்கள். இங்கே போட்டுவிட ஆளில்லை.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. கத்தரிக்கோல் மேல் பழி போடாதீர்கள், அப்பா. நான் அதைத் தொட்டதே இல்லையே.

உங்கள் மகன்