நான்கு திசைகளும் ஒரு முன்னுரையும்

ஜனவரி 4

மஹாதேவன் மாமா வந்திருந்தார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பன்னிரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த நூறு ஆங்கிலச் சொற்களின் பிறப்புக் கதைகளை நூலாக்குகிறார். வங்காளிகள் தை மாதத்தில் கொண்டாடும் சரஸ்வதி பூஜையன்று, இங்குள்ள தமிழ்ச் சங்கத்தில் வெளியீடு. மொழியியல் படித்த பாவத்துக்கு முன்னுரை என் தலையில்.

முதல் சொல் நியூஸ். நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் – நான்கு திசைகளின் முதலெழுத்தாம். திசைகளுக்கு வேறு வேலை இல்லை.

ஜனவரி 6

‘புதிது’ என்பதன் பன்மை. அவ்வளவுதான் நியூஸ். இத்தனை சப்பென்ற உண்மையை யார் வாங்குவார்கள்?

ஜனவரி 9

முன்னுரையை அனுப்பிவிட்டுப் போனில் மாமாவிடம் நியூஸ் பற்றிய உண்மையையும் சொன்னேன்.

“மீதி தொண்ணூத்தொம்பது?”

“நாப்பது தேறும், மாமா.”

வைத்துவிட்டார். ஒரு மணி நேரம் பெருமையாகத்தான் இருந்தது.

ஜனவரி 11

ஜகதாம்பாள் மாமி பேசினாள். “புஸ்தகமே வேண்டாம்னுட்டார்டி. பன்னெண்டு வருஷமாப் பொய் எழுதிண்டிருந்தேன்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போறார்.”

சங்கச் செயலாளர் ஜெயந்துக்கு ஹால் கவலை. குழந்தைகள்தானே படிக்கப் போகிறார்கள், விட்டுவிடுங்கள் தீதி என்று இந்த ஊர் பாணியில் அக்கா போட்டுச் சொல்கிறார். கல்வியாளர்.

ஜனவரி 13

நான் சொன்னது சரி. சரிதானே? ஆனா அந்த ‘நாப்பது தேறும்’ – பரீட்சைப் பேப்பர் திருத்தற மாதிரி. சே, எதுக்குடி உனக்கு?

ஜனவரி 15

என் சொற்பிறப்பு அகராதியைச் சுமந்துகொண்டு மெட்ரோவில் காளிகாட் போய் மாமாவிடம் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். “படிச்சுப் பாருங்கோ” என்றுதான் வாயில் வந்தது.

ஜனவரி 19

மாமாவின் போன்.

“முப்பத்தேழுதான் தேறறது, மாதங்கி. அதை மட்டும் போட்டுடலாம்னு இருக்கேன். அப்புறம் உன் முன்னுரை... விரிசலை மெழுகு வெச்சு மறைக்காத சிலை, லத்தீன்ல ‘சினே செரா’, மெழுகில்லாதது, அதுலேர்ந்துதான் சின்சியர் வந்ததுன்னு எழுதியிருக்கே. அகராதி அதை ஒத்துக்கலையே.”

இருபத்திரண்டு வருடமாக வகுப்பில் சொல்லிவருகிறேன். என் பேராசிரியர் சொன்னது, சரிபார்த்ததே இல்லை. சந்தேகமெல்லாம் ஓய்வு பெற்ற மாமாக்களுக்கு மட்டும்.

“எடுத்துடட்டுமா?” என்று பரிவாகக் கேட்டார். அந்தப் பரிவுதான் தாங்கவில்லை.

ஜனவரி 23

சரஸ்வதி பூஜை. இன்று யாரும் புத்தகத்தைத் திறக்கக் கூடாது என்பது இந்த ஊர் வழக்கம். வெளியீட்டுக்கு உகந்த நாள்தான். மெலிந்த நூல், ஸ்பைரல் பைண்டிங், தேவியின் காலடியில்.

மாமா மேடையில் தன் அறுபத்து மூன்று தவறுகளைச் சொன்னார். திருத்தியவள் நான் என்றார். என் தவறைப் பற்றி மூச்சு விடவில்லை.

எழுந்து போய் மைக்கை வாங்கி நானே சொன்னேன். தேவைக்கு அதிகமாகவே சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்த மாலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “இப்படி உக்காரு” என்றார்.