சுவரில் படாமல்

இன்று காலை பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள வெல்டிங் கடையைக் கடந்து போனேன். இரும்புக் கேட் ஒன்றுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊதா வெளிச்சம் சுவரில் துள்ளியது. எரிந்த இரும்பின் வாடை வந்தது. கண்ணைத் திருப்பிக்கொண்டு நடந்திருக்க வேண்டும், நின்றுவிட்டேன்.

நீ கடைசியாக வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தபோது நாம் நின்ற இடம் அது. "இவரு செய்யிறதும் நான் செய்யிறதும் ஒண்ணுதான் மச்சான்" என்றாய். வாயுவைச் சூடாக்கிக்கொண்டே போனால் அதனூடாக மின்சாரம் ஓடத் தொடங்கும், அதற்குப் பெயர் பிளாஸ்மா என்று எனக்கு விளக்கினாய். "இவரு அதை இரும்புல தொட வைக்கிறாரு. நான் எதுலயும் தொடாமப் பாத்துக்கிறேன். அவ்வளவுதான்." கடைக்கார முஸ்லிம் நானா முகமூடியைத் தூக்கி உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப சேர் ஒரு நாளைக்கி எத்தன கேட் முடிப்பீங்க?" என்று கேட்டார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

உன் இயந்திரத்தை நான் பார்த்ததில்லை. வளைய வடிவில் ஒரு பெரிய கலம், அதைச் சுற்றிக் காந்தச் சுருள்கள், உள்ளே சூரியனின் நடுவைவிடச் சூடான வாயு. அதைக் காந்தம்தான் சுவரில் படாமல் பிடித்து வைக்கிறது. டோகமாக் என்று பெயர். ஒரு தடவை மூட்டி அணைப்பதை ஷாட் என்பீர்கள், அது சில செக்கன்களில் முடிந்துவிடும். பிறகு சுருள்கள் ஆறும்வரை இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த இருபது நிமிடத்தில்தான் நீ என்னைக் கூப்பிடுவாய். "இருபது நிமிஷம் இருக்கு, பேசு." இங்கே பின்னேரம் ஆகியிருக்கும். ஹல்துமுல்லையில் மண் சரிந்த செய்தியையோ, எல்ல ரயில் தாமதத்தையோ நான் எழுதிக்கொண்டிருப்பேன். உனக்குப் பின்னால் ஒரு குரல் எண்களை இறங்குவரிசையில் சொல்லத் தொடங்கும். நீ விடைபெறாமலே போனை வைத்துவிடுவாய்.

என்னைக் கூப்பிடுமுன் நீ செய்து முடிக்கும் வேலை ஒன்று உண்டு. என்ன கேட்டோம், என்ன கிடைத்தது என்று ஷாட்டுக்கு இரண்டு வரி பதிவேட்டில் எழுதுவாய். எழுதியதை யாரும் அழிக்கக் கூடாது. "தோத்த ஷாட்டத்தான் மொதல்ல எழுதணும். மறைச்சா அடுத்தவன் அதே சுவத்துல போயி முட்டுவான்" என்பாய். செய்தியாளர்களுக்கும் இப்படி ஒரு பதிவேடு இருந்தால் நல்லது என்று நான் நினைத்ததுண்டு.

எல்லாரும் பிளாஸ்மாவை மேலும் சூடாக்க முயன்றபோது நீ அதை மெல்ல இறக்கி அணைப்பதைப் பற்றி யோசித்தாய். "ஏத்துறது எவனும் ஏத்துவான். நமுனுகுல மலை பஸ் மாதிரி, எறக்கத்துலதான் டிரைவர் யாருன்னு தெரியும்." இறங்கும்போது பிடி தவறினால் மொத்தச் சூடும் சுவரில் அறையும். அதைத் தடுக்க நீ கண்டுபிடித்த வழியைச் சோதித்துப் பார்க்க, நெடுநாள் காத்திருப்புக்குப் பின் இயந்திரத்தில் உனக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்கினார்கள். மாசி மாதத்தில் ஒரு நாள்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு கூப்பிட்டாய். கணையத்தில் கட்டி என்றாய். டாக்டர்கள் மாதக் கணக்கில்தான் பேசுகிறார்கள் என்றாய். பிறகு, "தங்கச்சிகிட்ட சொல்லிறாத. அவ அழுதா நான் எல்லாத்தையும் விட்டுட்டு வந்துருவேன். என் நாள் முடியட்டும், நானே சொல்றேன்."

நான் சரி என்றேன்.

அம்மா அப்பா போனபின் உனக்கு இருந்தது அவள் ஒருத்திதான். நமுனுகுலத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அவள் உன்னிடம் வருவதென்றால் விசா எடுக்க எத்தனை வாரம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியவனே நான்தான்.

கலத்துக்குள் எங்கோ காற்றுக் கசிந்தது. உன் நாள் தள்ளிப்போனது. கசிவை அடைத்தார்கள், மின்வழங்கியில் கோளாறு வந்தது. மறுபடி தள்ளிப்போனது. ஒவ்வொரு முறையும் "இன்னும் கொஞ்சம் பொறு" என்றாய். இடையில் ஒருநாள் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, எங்கண்ணன் கொரலு ஒரு மாதிரி இருக்கே. ஒங்ககிட்ட ஏதும் சொன்னுச்சா?"

"வேல ஜாஸ்திம்மா. தூக்கமில்ல, வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

உன் நாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நீ போய்விட்டாய். உன் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குத்தான் போன் வந்தது. அடுத்த பஸ்ஸில் நமுனுகுலவுக்குப் போனேன். பகல் கொழுந்து நிறுக்கும் நேரம், அவள் வரிசையில் நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்தாள். சொன்னேன். அவள் அழவில்லை.

"எப்ப இருந்துண்ணே ஒங்களுக்குத் தெரியும்?"

"பொங்கலுக்கு முன்னாடியே தெரியும்மா."

விரலை மடக்கினாள். தை, மாசி, பங்குனி. "அப்ப நான் போயி அண்ணன் பக்கத்துல இருந்திருக்கலாம்ல?"

நிறுக்கிறவர் அவள் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டார்.

தோற்ற ஷாட்டையெல்லாம் எழுதி வைத்தவன் நீ. உன்னைப் பற்றிய ஒரு வரியை மட்டும் எழுதாமல் விடச் சொன்னாய். அதற்காக உன்மேல் கோபப்பட எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன். முடியவில்லை. நீ கேட்டாய், அவ்வளவுதான். சரி என்றவன் நான்.

உன் கூட்டாளிகள் அந்த நாளை ரத்துச் செய்யவில்லை. நீ எழுதி வைத்தபடியே ஷாட் ஷாட்டாக நடத்தினார்கள். இரண்டு மாதம் கழித்து அந்தப் பதிவேட்டின் ஒரு பக்கத்தை எனக்கு அனுப்பினார்கள். தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு அவள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். படித்தேன். "கேட்டது: மெல்ல இறங்க வேண்டும். கிடைத்தது: மெல்ல இறங்கியது. சுவரில் படவில்லை. இது அவருடைய ஷாட்."

"எம்புட்டு நேரம்ணே?"

"எறங்குறதுக்கு மூணு செக்கன்மா."

அவள் அந்தத் தாளை வாங்கினாள். எழுத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அண்ணன் இதுக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு. சரி. நீங்க எதுக்குண்ணே காத்துக்கிட்டு இருந்தீங்க?"

நான் கீழே கிடந்த விறகுத் துண்டுகளைப் பொறுக்கி அடுக்கினேன்.

அதன் பிறகும் அவள் என்னோடு பேசாமல் இருக்கவில்லை. அப்படி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சந்தையில் கண்டால் தூரத்திலிருந்தே "அண்ணே" என்று கூப்பிடுகிறாள். உன்னையும் அவள் அப்படித்தான் கூப்பிட்டாள். நான் ஒவ்வொரு முறையும், பின்னால் நீ நிற்கிறாயா என்று திரும்பிப் பார்க்கிறேன்.